லாக் போட்ட கணினி: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: நான் எழுதியதை, நான் காசு கொடுத்து வாங்கியதை நானே பயன்படுத்த இத்தனை பூட்டு எதற்கு? எழுதியவர்களும் குடியாத்தம், ராணிப்பேட்டை, ஆம்பூர், ஆற்காடு என்று பழைய வடஆற்காட்டுக்காரர்களாகவே இருப்பதால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன். நானும் காட்பாடிக்காரன், பதினெட்டு வருடமாக ப்ரோகிராம் எழுதிச் சாப்பிடுகிறவன், அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊர் லுங்கி வியாபாரிகளுக்காக, பில் போடவும் பாக்கிக் கணக்கு வைக்கவும் ஆண்ட்ராய்டில் ஒரு ஆப் செய்தேன். எட்டு கடைகளில் ஓடுகிறது, மாதாமாதம் கொஞ்சம் காசும் வருகிறது. இப்போது ஒரு முதலாளி ஐபோன் வாங்கிவிட்டு அதிலும் வேண்டும் என்கிறார். விசாரித்தால் மேக் கணினி வாங்கு, வருடா வருடம் ஆப்பிளுக்குப் பணம் கட்டு என்கிறார்கள். நான் எழுதியதை நான் கொடுப்பதற்கு நான் எதற்கு சார் காசு கட்ட வேண்டும்? (பெயர் வேண்டாம், குடியாத்தம்)

தம்பி, கேள்வி நியாயமானது, ஆனால் விசாரித்ததில் சொன்னதும் உண்மைதான். ஐபோன் ஆப்பை முடித்துக் கொடுக்கும் எக்ஸ்கோடு என்ற ஆப்பிள் மென்பொருள் மேக்கில் மட்டும்தான் ஓடும். ஃப்ளட்டர் மாதிரி, ஒரே ப்ரோகிராமை ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் ஆப் ஆக்குகிற கருவி ஒன்றில் விண்டோஸில் உட்கார்ந்து முழுக்க எழுதிவிடலாம், கடைசியில் ஐபோனுக்கான பில்டு (போனில் நிறுவுகிற முடிந்த ஆப்) எடுக்கிற இடத்தில் மேக் வந்து நிற்கும். மேக்குகளில் மலிவான மேக் மினி எம்4 2024-ல் இந்தியாவில் 59,900 ரூபாய் என்று அறிமுகமானது, அதற்கு மானிட்டரும் கீபோர்டும் நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும். அப்புறம் வருடத்துக்கு 99 டாலர், நம் பணத்தில் 8,000 ரூபாய்க்கு மேல். ஒரு வருடம் கட்டாமல் விட்டால் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து ஆப் மறைந்துவிடும். ஏற்கனவே இறக்கிவைத்தவர்களிடம் ஓடிக்கொண்டிருக்கும், புதிதாக யாரும் இறக்க முடியாது. காசே கட்டாமல் உங்கள் சொந்த ஐபோனில் போட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு, ஆனால் அது 7 நாளில் காலாவதி. ஏழு நாளைக்கு ஒருமுறை முதலாளியின் போனை வாங்கி கேபிள் செருகிக்கொண்டிருப்பீர்களா?

மேக் வாங்காமல் பில்டு எடுக்க வாடகை மேக்குகள் இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் ப்ரோகிராமை, நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்தால் அங்கே மேக் இலவசமாகவே கிடைக்கும். மூடி வைத்தால் நிமிடக்கணக்கில் காசு. எதுவானாலும் அந்த 99 டாலரை இது குறைக்காது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரே ஒரு ஐபோனுக்காக இதில் இறங்கமாட்டேன். அதே வேலையை பிரவுசரில் ஓடுகிற மாதிரி எழுதுங்கள். முதலாளி சஃபாரியில் திறந்து, ஷேர் பட்டனைத் தட்டி, ஹோம் ஸ்கிரீனில் சேர்த்துக்கொண்டால் பார்ப்பதற்கு ஆப் மாதிரியே ஐகானோடு உட்கார்ந்திருக்கும். சிக்னல் இல்லாத குடோனிலும் வேலை செய்யும்படி எழுதலாம், 2023 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 16.4-லிருந்து நோட்டிஃபிகேஷனும் அனுப்பலாம். ஒரு இடத்தில் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள், அது பில் பிரிண்டர். கடைகளில் இருக்கும் சின்ன ப்ளூடூத் பிரிண்டரோடு சஃபாரி பேசாது. கேட்டால் பாதுகாப்பு என்பார்கள். ஆகவே ஐபோன்காரருக்கு மட்டும் பில்லைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புகிற மாதிரி வைத்துவிடுங்கள், மொத்த வியாபாரத்தில் பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள்.

இதெல்லாம் ஒத்துவராது, ஆப்பாகத்தான் வேண்டும் என்று அவர் அடம்பிடித்தால், செலவு அவருடையது. அந்த விலைக்கு போன் வாங்கியவரிடம் 99 டாலர் கேட்க உங்களுக்கு ஏன் கூச்சம்? ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: லுங்கி விற்ற பணத்தில் ஆப்பிள் கமிஷன் கேட்காது, ஆனால் உங்கள் ஆப்புக்கான மாதச் சந்தாவை ஆப்புக்குள்ளேயே வசூலித்தால் அதில் பங்கு கேட்கும். சின்ன டெவலப்பர் என்று பதிவு செய்துகொண்டால் 15 சதவீதம், இல்லாவிட்டால் முதல் வருடம் 30. மாதக் காசை இப்போது வாங்குகிற மாதிரியே நேரில் வாங்குங்கள்.

கேள்வி: ஆப்பிள்தான் இப்படி. கூகுள் திறந்த மனசுக்காரன்தானே? (கல்லூரி மாணவி, சத்துவாச்சாரி)

ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரலைத் திறந்துதான் வைத்திருக்கிறார்கள், உண்மை. ஆனால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ப்ளே ஸ்டோர் திறந்ததில்லை. பதிவுக் கட்டணம் ஒரே ஒரு முறை 25 டாலர், வருடா வருடம் கிடையாது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியிருந்தால், 12 பேர் தொடர்ந்து 14 நாள் உங்கள் ஆப்பைச் சோதித்தால்தான் வெளியிட விண்ணப்பமே போட முடியும் (முதலில் 20 பேர் கேட்டார்கள்). ஹாஸ்டலில் இருக்கிற உங்களுக்கு 12 பேர் சுலபம், தனியாக வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன் அத்தை மாமா போனையெல்லாம் வாங்கிக்கொண்டு அலைகிறான்.

சந்தையில் பெரிய கம்பெனிகள் ஆதிக்கம் செய்யாமல் பார்த்துக்கொள்கிற நம் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் ஒரே வாரத்துக்குள் இரண்டு முறை கூகுளுக்கு அபராதம் போட்டது, ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 1,337.76 கோடி, ப்ளே ஸ்டோர் கட்டண விவகாரத்தில் 936.44 கோடி. இரண்டாவதை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்துவிட்டது. இதற்கு நடுவில், 2024 மார்ச் 1 அன்று, ஆப்புக்குள் வசூலாகும் பணத்தில் கூகுள் கேட்ட பங்கு பற்றிய தகராறில், பல இந்திய ஆப்களை கூகுள் ஸ்டோரிலிருந்து எடுத்தது, அதில் சென்னையின் பாரத் மேட்ரிமோனியும் ஒன்று. மத்திய அரசு தலையிட்ட பிறகு சில நாளில் திரும்ப வந்தன. பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனிக்கு அமைச்சர் பேசினார். உங்கள் ஆப்பையோ என் ஆப்பையோ எடுத்தால் ஒரு மின்னஞ்சல் வரும், அதற்குப் பதில் போட்டால் இயந்திரம் எழுதிய இன்னொரு மின்னஞ்சல் வரும்.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆண்ட்ராய்டில் ஏபிகே ஃபைலை (ஆப்பை நிறுவும் ஃபைல்) நேராகக் கையில் கொடுத்து நிறுவ முடிகிறது, எஃப்-ட்ராய்டு போன்ற வேறு ஆப் கடைகளும் இருக்கின்றன. அதற்கும் இனி டெவலப்பர் அடையாளம் காட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது.

கேள்வி: 20 வருடமாக டிடிபி கடை (கணினியில் பக்கம் வடிவமைத்து அச்சுக்குக் கொடுக்கிற வேலை). அதற்கான பேஜ்மேக்கர் மென்பொருளில் செய்த பழைய ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. புதுக் கணினியில் திறந்தால் எல்லாம் குப்பையாகத் தெரிகிறது. என் சரக்கை நானே படிக்க முடியாதா? (அச்சகக்காரர், ராணிப்பேட்டை)

அண்ணே, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் மச்சான் கடைதான் கண்ணில் வந்தது. 2006 வாக்கில் வேலூர் லாங் பஜார் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி கடை வைத்திருந்தார். தமிழ் ஃபாண்ட் சாஃப்ட்வேருக்கு ஒரு லாக் கொடுப்பார்கள், உங்களுக்குத் தெரியாததா, கட்டைவிரல் அளவுக் கட்டை, கணினிக்குப் பின்னால் பிரிண்டர் போர்ட்டில் செருகி அதன் பின்னால் பிரிண்டரைச் செருக வேண்டும். அது இல்லாவிட்டால் ஒரு எழுத்து அடிக்காது. ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் சூடு பிடிக்கிற நேரத்தில் அந்த லாக் செத்துப்போனது. டீலரிடம் கேட்டால் பழைய வெர்ஷனுக்கு லாக் வருவதில்லை, புதுசு வாங்குங்கள் என்றார், விலையும் சொன்னார். அதில் ஒரு பிரிண்டரே வாங்கலாம்.

கடைசியில் காட்பாடியில் இன்னொரு டிடிபிக்காரர் கை கொடுத்தார். ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் கடை சாத்தியதும் நான் சைக்கிளில் போய் லாக்கை வாங்கி, டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வருவேன். மச்சான் விடிய விடிய பத்திரிகை அடிப்பார், காலை எட்டு மணிக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். பதினோரு நாள் இப்படி ஓடியது. திண்டுக்கல் பூட்டு வாங்கினால்கூட சாவியைக் கொடுத்துதான் அனுப்புவார்கள், இங்கே காசு கொடுத்து வாங்கியவனே திருடன் மாதிரி ராத்திரியில் அலைந்தான்.

உங்கள் சிக்கலும் அதன் தம்பிதான். அந்தக் கால ஃபாண்டுகள் தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார வைத்தன. பாமினி என்ற ஃபாண்டில் நீங்கள் ‘அம்மா’ என்று அடித்தால் ஃபைலுக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இருக்கிற கணினியில் அம்மா, இல்லாத கணினியில் குப்பை. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு வரிசை வைத்துக்கொண்டதால் ஒரு கடை ஃபைலை அடுத்த கடையில் திறக்க முடியவில்லை. இதைச் சரிசெய்யத்தான் 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்று பொது வரிசைகள் கொண்டுவந்தார்கள், 2010-ல் தமிழக அரசு, எல்லா மொழி எழுத்துக்கும் உலகப் பொதுவான எண் கொடுக்கும் யூனிகோடைத் தரமாக ஏற்றது. பேஜ்மேக்கரோ 2001-ல் வந்த 7.0-வோடு நின்றுவிட்டது, அதற்கு யூனிகோடு தமிழ் தெரியாது.

செய்ய வேண்டியது இதுதான்: பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் பேஜ்மேக்கரைத் திறந்து மேட்டரை மட்டும் டெக்ஸ்டாக வெளியே எடுங்கள், டிசைனை மறந்துவிடுங்கள். எந்த ஃபாண்டில் அடித்தது என்று ஃபைல் பெயரிலேயே குறித்துவையுங்கள், இல்லாவிட்டால் பிறகு தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன, ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் தொகுப்பிலும் அது உண்டு, உங்கள் பையனுக்குப் பைத்தான் தெரிந்தால் ஆயிரம் ஃபைலையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுவான். ‘ஸ்ரீ’யும் கொம்பும் சில இடத்தில் சொதப்பும், பிழை பார்த்துத்தான் ஆக வேண்டும். புது வேலைகளை ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் முயற்சி செய்யுங்கள், ஃபாண்டுக்கு நோட்டோவும் மீரா இனிமையும் காசில்லாமல் கிடைக்கின்றன. பத்திரிகைக்கு வேண்டிய வளைவு நெளிவு எழுத்து அதில் குறைவு, ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: ஷூ டிசைன் வேலை. டிசைன் சாஃப்ட்வேரின் மாதச் சந்தா கட்டுப்படியாகாமல் கிராக் (பூட்டை உடைத்த திருட்டு காப்பி) போட்டுத்தான் ஓட்டுகிறேன். தப்பா? (ஆம்பூர்)

தப்புதான், வைரஸும் கூடவே வரும். இன்னொன்று, கிராக்கில் பழகிய கை நாளைக்கு வேலைக்குப் போகும் கம்பெனியிலும் அதையே கேட்கும், கம்பெனி காசு கொடுத்து வாங்கும். ஃப்ரீகேட் என்ற இலவச டிசைன் மென்பொருள் 2024 நவம்பரில் 1.0 ஆகிவிட்டது, ஆனால் ஷூ பேட்டர்ன் வேலைக்கு அது நேரடி மாற்று என்று சொன்னால் பொய் சொன்னதாகிவிடும். முதலாளியிடம் லைசென்ஸ் கேளுங்கள்.

கேள்வி: விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் போட்டால் வாழ்க்கை எங்கள் ஊர் மக்கன்பேடா மாதிரி இனிக்குமா? (ஆற்காடு)

சர்க்கரைப் பாகு உங்கள் வைஃபை கார்டைப் பொறுத்தது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இல்லாத பழைய கணினியை விண்டோஸ் 11 உள்ளே விடாது. நன்றாக ஓடுகிற லேப்டாப்பைத் தூக்கிப் போடச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? 4 ஜிபி ராம் இருந்தால் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான திரை உள்ள லினக்ஸ் மின்ட் (லினக்ஸில் ஒரு வகை) போதும். முதலில் பென்டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை வருகிறதா, பிரிண்டர் அடிக்கிறதா, தமிழ் டைப் ஆகிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டு, ஏதாவது சரிப்படவில்லையென்றால் ஷட்டவுன் செய்து பென்டிரைவை எடுத்துவிடுங்கள், விண்டோஸ் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். சரிப்பட்டுவிட்டால் அரைக் கிலோ மக்கன்பேடா இந்த முகவரிக்கு.