டிஜிட்டல் டெஸ்ட் டேட்டாவை வச்சு ஆசிரியர் பயிற்சியை நெஜமாவே சரிபண்ண முடியுமா?

முடியும். ஆனா எல்லாரும் பாக்குற இடத்தையே பாத்துட்டு இருந்தா முடியாது.

நான் கணக்கு டீச்சர்களுக்கு டிரெய்னிங் குடுக்குற வேலைல இருக்கேன். ஆரம்பத்துல டெஸ்ட் ரிசல்ட்டை காட்டுற எங்க டாஷ்போர்டுல வர்றதெல்லாம் கிளாஸ் ஆவரேஜ், சிவப்பு பச்சை கலரு, அவ்ளோதான். அத பாத்துட்டு பசங்க தசமத்துல வீக்னு முடிவு பண்ணி, ஒரு நாள் பூரா டீச்சர்களுக்கே தசமம் நடத்துவோம். அவங்களுக்குத் தெரியாததா அது? பின்னாடி உக்காந்து பேப்பர் திருத்திட்டு இருந்தாங்க, நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணிருப்பேன்.

பசங்க தொட்ட தப்பு ஆப்ஷன்லதான் விஷயமே இருக்கு. 0.8, 0.35, 0.125 இதுல எது பெருசுன்னு ஒரு கேள்வி. நெறைய பேரு 0.125ஐ தொட்டிருந்தாங்க, அதாவது புள்ளிக்கு அப்புறம் வர்றதையும் முழு எண்ணாவே படிக்கிறாங்க, 125 பெருசு, முடிஞ்சுது. இப்ப நாங்க என்ன பண்றோம்னா டீச்சர்கள்கிட்ட டேட்டாவ காட்டாம கேள்விய மட்டும் குடுத்து, "உங்க பசங்க எந்தத் தப்புல அதிகமா விழுந்திருப்பாங்க?"ன்னு எழுத சொல்றோம், அப்புறம்தான் ஸ்கிரீன். ஒருதடவை ஒரு சீனியர் டீச்சர் ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்துட்டு, "நான் கிளாஸ்ல இத புள்ளி நூத்தி இருபத்தஞ்சுன்னுதானே படிக்கிறேன்"னாங்க. புள்ளி ஒண்ணு ரெண்டு அஞ்சுன்னு படிக்கணும்னு நாங்க யாரும் சொல்ல வேண்டி வரல.

இது என் அனுபவம் மட்டும் இல்ல. அமெரிக்கால ஃபிலிப் சாட்லர் குழு 2013ல வெளியிட்ட ஆய்வுல, 181 அறிவியல் டீச்சர்கள்கிட்ட சரியான விடையோட சேத்து பசங்க அதிகமா எழுதுற தப்பு விடை எதுன்னும் கேட்டாங்க. தப்பான புரிதல் ஆழமா இருக்குற கேள்விகள்ல, ரெண்டும் தெரிஞ்ச டீச்சர்களோட பசங்கதான் நல்லா முன்னேறுனாங்க, விடை மட்டும் தெரிஞ்சா பத்தல.

ஆனா டேட்டாவ அப்படியே நம்பிடாதீங்க. மூணே செகண்டுல தொட்டதெல்லாம் பெரும்பாலும் குருட்டு அடி, நாலு ஆப்ஷன் இருந்தா சும்மா தொட்டாலே 25% சரியா வரும். இருபது பேர் கிளாஸ்ல ஒரே ஒரு கேள்விய வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க. அதவிட முக்கியம், இந்த டேட்டா டீச்சருக்கு ரேங்க் போடப் போகுதுன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து பசங்களுக்கு விடை சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சிருவாங்க, அப்புறம் அந்த டேட்டாவால யாருக்கும் பிரயோஜனம் இல்ல.

டிரெய்னிங் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு திரும்ப ஒரு டெஸ்ட் வைங்க, இந்தத் தடவை 0.3, 0.47னு போடுங்க. நூறுல ஒரு பங்கு பத்துல ஒரு பங்கவிட சின்னது, அதனால இலக்கம் கூடுனா நம்பரே சின்னதுன்னு நெனைக்கிற பசங்க முதல் கேள்வில 0.8ஐ தொட்டு முழு மார்க் வாங்கி தப்பிச்சிருப்பாங்க, அவங்க இதுலதான் மாட்டுவாங்க.