அமெரிக்காவில் பெண்கள் கால்பந்தில் முதல் நிலைக்குக் கீழே இருக்கும் லீக் ஆட்டங்களைக் காசு கொடுத்துப் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். வீட்டில் பந்து விளையாடும் பெண் பிள்ளை இருப்பதால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம், கூட்டிக்கொண்டு போங்கள்.

2012 கோடையில் நாங்கள் சியாட்டில் பக்கம் இருந்தோம். அந்த ஜனவரியில்தான் முதல் நிலை லீகான டபிள்யூபிஎஸ் தன் சீசனை ரத்து செய்திருந்தது. மே மாதம் மொத்தமாகவே மூடிவிட்டார்கள். ஆட லீக் இல்லாமல் நின்ற அமெரிக்க தேசிய அணி நட்சத்திரங்கள் ஹோப் சோலோ, அலெக்ஸ் மார்கன், மேகன் ரபினோ, சிட்னி லெரூ எல்லோரும் இரண்டாம் நிலை டபிள்யூ-லீகில் சியாட்டில் சவுண்டர்ஸ் பெண்கள் அணிக்கு வந்தார்கள். சியாட்டிலை ஒட்டிய டுக்விலாவில் இருக்கும் அவர்களுடைய ஸ்டார்ஃபயர் மைதானம் சின்னது. பல ஆட்டங்களுக்கு டிக்கெட் தீர்ந்துபோனது.

"நட்சத்திரங்கள் வந்தால் கூட்டம் வரத்தானே செய்யும்" என்று யாராவது கிளம்புவார்கள், தெரியும். ஆனால் லண்டன் ஒலிம்பிக் இருந்ததால் அவர்கள் ஆடியதே சில ஆட்டங்கள்தான். சீசன் முழுக்க ஓடியவர்களில் கல்லூரி மாணவிகள் நிறைய. சம்பளம் வாங்கினால் கல்லூரி அணியில் ஆடும் தகுதி அந்தக் கால விதிப்படி போய்விடும் என்பதால் காசில்லாமல் ஆடினார்கள். வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் கோல்கீப்பர் தடுப்பாட்டக்காரர்களை "இடது, இடது!" என்று விரட்டுவது அப்படியே கேட்கும். முழங்கை சிராய்ந்து ரத்தம் கசிந்த ஒரு பெண் எல்லைக்கோட்டுக்கு ஓடி வந்தாள். கட்டுப் போட்டு முடிப்பதற்குள் கையை உருவிக்கொண்டு திரும்ப ஓடிவிட்டாள். என் மகள் எழுந்து நின்றுவிட்டாள். டிவியில் எத்தனையோ ஆட்டம் பார்த்தவள், அப்படி நின்றதே இல்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வருகிறது. அப்போது எங்கள் ஊர்ச் சங்கத்தின் விளையாட்டு விழாவில் ஆண்களுக்கு நாள் முழுக்கக் கிரிக்கெட். பெண்களுக்கு மியூசிக்கல் சேர், எலுமிச்சை ஸ்பூன். பெண் பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் மைதானம் கேட்டதற்கு, "அவங்க டான்ஸ் ஆடுறாங்களே, போதாதா" என்றார்கள். டான்ஸைக் குறை சொல்லவில்லை, என் மகளும் பரதம் கற்றவள்தான். ஆனால் அந்தப் பதில் இன்னும் எனக்கு ஆறவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பழைய டபிள்யூ-லீக் 2015-ஓடு முடிந்தது. அதை நடத்திய யுஎஸ்எல் அமைப்பே அதே பெயரை வைத்து 2022-இல் புதிதாக ஒரு லீக் தொடங்கியிருக்கிறது. இதிலும் கல்லூரிப் பெண்கள்தான் அதிகம். தரம் குறைவு என்பவர்களிடம் நான் சண்டைக்குப் போகவில்லை. பாஸ் தவறும், ஆட்டம் சில நேரம் தொய்யும். ஆனால் 2013-இல் புது முதல் நிலை லீகில் சியாட்டில் ரெய்ன் அணி தொடங்கியபோது ஆடியதும் இதே ஸ்டார்ஃபயரில்தான். ரபினோ 2023-இல் ஓய்வு பெறும்வரை அந்த அணியில்தான் இருந்தார். இரண்டாம் நிலைக்கு வந்த கூட்டத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் சியாட்டிலில் பணம் போட ஆள் வந்திருப்பார்களா என்பது என் சந்தேகம்.

சீசன் கோடை விடுமுறைக்குள்ளேயே முடிந்துவிடும், தள்ளிப்போடாதீர்கள். கோல்கீப்பர் பக்கமாக இடம் பிடியுங்கள்.