பந்தைக் கையில் கொடுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, மறதி நோய். காலையில் சாப்பிட்டதே நினைவில்லை. ஆனால் 1986-ல் சேப்பாக்கத்தில் நடந்த இந்தியா–ஆஸ்திரேலியா கிரிக்கெட் டெஸ்ட்டைப் பற்றி விடாமல் பேசுகிறார். பேச விடலாமா, தடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: தாராளமாகப் பேச விடுங்கள். இந்த நோயில் பெரும்பாலும் புதிய நினைவுகள்தான் முதலில் நழுவும். இளமையில் பதிந்தவை வெகுநாள் தாங்கும். ஸ்காட்லாந்தில் மறதி நோயாளிகள் இப்படிப் பழங்கதை பேசவென்றே கால்பந்து நினைவுக் குழுக்கள் உண்டு. ஹாம்ப்டன் பார்க் மைதானத்தில் இருக்கும் கால்பந்து அருங்காட்சியகமும் அல்சைமர் ஸ்காட்லாந்து அமைப்பும் கைகோத்து நடத்துபவை. பழைய ஆட்டக்காரர்களின் படங்களைப் பரப்பி வைத்துக் கதை பேசுவார்கள்.

என் பெரியப்பாவுக்கும் இதே நோய்தான். என் பெயர்கூட மறந்துவிட்டது. ஒருநாள் பழைய கிரிக்கெட் பந்து ஒன்றைக் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். அப்புறம் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தானாகத் தையலின் மேல் அகன்று உட்கார்ந்தன. ஆஃப் ஸ்பின் பந்து போடும் பிடி! "மேட்டிங் விக்கெட்டுல இன்னும் திரும்பும்டா" என்றார், பாய் விரித்த ஆடுகளத்தை நினைத்து.

ஒன்று மட்டும்: "ஞாபகம் இருக்காப்பா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 ரன் அடித்த அந்த ஆட்டத்தின் படத்தைக் காட்டி, "என்ன வெயில்ப்பா அன்னிக்கு!" என்று நீங்களே ஆரம்பியுங்கள். கபில்தேவின் 119-ஐ அவர் 219 ஆக்கினால் ஆக்கட்டும், திருத்த வேண்டாம். தெருவில் அவர் வயதுக்காரர்கள் இரண்டு பேர் கிடைத்தால் கூப்பிடுங்கள். ஆட்டத்தை டை ஆக்கிய, அதாவது இரு அணியின் ரன்னும் சமமாக முடித்துவைத்த, அந்த மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. (பந்து காலில் பட்டதற்கான அவுட்) சரியா தப்பா என்று சண்டை தொடங்கிவிட்டால், நீங்கள் நிம்மதியாகக் காபி போடப் போகலாம்.