பனங்கொட்டைய தோண்டிப் பாக்காதீங்க

கேள்வி: அண்ணாச்சி, ஆவணியில தொட்டில பத்து பனங்கொட்டை போட்டேன், கார்த்திகையே வந்துட்டு, மேல ஒண்ணும் காணல. அழுகிட்டா? சைக்கஸ்னு பனை மாதிரி இருக்குமே அழகுச்செடி, அது விதையும் கொஞ்சம் வச்சிருக்கேன், அத எப்படி போட?
- வாசகர், திசையன்விளை

பதில்: அழுகியிருக்காது தம்பி. பனை மொதல்ல மேல வராது, கொட்டையில இருந்து குழாய் மாதிரி ஒண்ணு கீழ எறங்கும், குருத்தும் அதுக்குள்ளயே மண்ணுக்குள்ள போயிரும், பொங்கலுக்கு நாம அவிச்சுத் திங்குற பனங்கிழங்கு அப்படி வாறதுதான, அதனால ஆழமில்லாத தொட்டி ஆவவே ஆவாது, மரமா வேணும்னா அடுத்த வருசம் நேரா தரையிலயே போடுங்க. ஓலை தலைகாட்ட இன்னும் பல மாசம் ஆவும், பொறுங்க.

சைக்கஸ் விதை விஷம், கையுறை போட்டு மேல்தோல உரிங்க, பிள்ளைய, நாய் கிட்ட விடாதீங்க. மணல்ல பாதி பொதைஞ்சாப்ல படுக்க வைங்க, தண்ணி தேங்கக் கூடாது.