நான்கு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மீண்டும் ஓடத் தொடங்குகிறேன். என்மீதே வரும் எரிச்சலை எப்படிக் கையாள்வது?

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஒரு காலத்தில் பத்து கிலோமீட்டர் ஓடிய நீங்கள், குழந்தை, வேலை மாற்றம் என நான்கு ஆண்டுகள் விட்டுவிட்டுத் திரும்பியபோது இரண்டு கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்குவதாகவும், "சோம்பேறி" என்று உங்களையே திட்டிக்கொண்டு மறுவாரம் நிறுத்திவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதற்கிடையே ராணுவத்தின் உடற்தகுதித் தேர்வான ஐபிபிடியும் வருகிறது. ஒருவருக்குத் தன்மீது கனிவு இருக்கிறதா என்பதை அவர் அன்றைக்கு ஓடும் தூரத்தையும் வேகத்தையும் வைத்தே நான் முடிவு செய்வேன். மனத்துக்குள் எவ்வளவு ஆறுதல் சொல்லிக்கொண்டாலும், பழைய வேகத்திலேயே ஓட முயன்றால் அந்த ஆறுதலால் பயன் இல்லை.

மூச்சு வாங்குவதற்கும் உங்கள் குணத்துக்கும் தொடர்பில்லை. பயிற்சியை நிறுத்திய சில வாரங்களுக்குள் இரத்தத்தில் உள்ள பிளாஸ்மாவின் அளவு குறைந்து, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தமும் குறைவதால், அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு கூடுதலாக ஏறுகிறது. அத்துடன் வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவராயினும், குளிரூட்டிய அலுவலகத்திலும் எம்ஆர்டி ரயிலிலும் பகலைக் கழிப்பவருக்கு, வெப்பத்தில் ஓடிப் பெற்ற பழக்கம் சில வாரங்களில் போய்விடும். அதைத் திரும்பப் பெற ஓரிரு வாரங்கள் ஆகும். 2023 ஜூலை முதல் வெளியிடப்படும் வெப்ப அழுத்த நிலையை அரசின் மைஎன்வி செயலியில் பார்த்து, அது "அதிகம்" என்றிருந்தால் ஓட்டத்தைத் தள்ளிவைப்பதை நான் கோழைத்தனமாகக் கருதுவதில்லை.

பெரும்பாலோர் கவனிக்கத் தவறுவது இதற்குப் பிறகு வரும் கட்டத்தை. இதயமும் தசையும் ஓரளவு விரைவாகத் தேறிவிடும்; தசையையும் எலும்பையும் இணைக்கும் தசைநாண்கள் மிக மெதுவாகத்தான் சுமைக்குப் பழகும். ஆகவே முதல் வாரத்தைவிட, மூச்சு சீராகி, "பழைய ஆளாகிவிட்டேன்" என்ற மகிழ்ச்சி தலைதூக்கும் ஐந்தாம் ஆறாம் வாரமே அதிக ஆபத்தானது. நுரையீரல் அனுமதிக்கும் வேகத்தைக் குதிகால் தசைநாண் தாங்காது. காலையில் படுக்கையிலிருந்து இறங்கும் முதல் சில அடிகளில் வலி தெரியும். அதையும் பொருட்படுத்தாமல் ஓடினால் மறுபடியும் மாதக்கணக்கில் ஓய்வு. தாயாரின் நோய்க்காலத்தில் ஓட்டத்தை விட்டுவிட்டு, பிறகு காலாங் ஆற்றோரப் பாதையில் நடையிலிருந்து தொடங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சோர்ந்திருக்கும் நாளில் நிதானமாக ஓடுவது எளிது, உடல் நன்றாக இருக்கும் நாளில் நிதானமாக ஓடுவதுதான் கடினம்.

தேசிய சேவை எனும் கட்டாயப் பணியை முடித்த நம் ஆண்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. இருபது வயதில் ஐபிபிடியின் 2.4 கிலோமீட்டரை எத்தனை நிமிடங்களில் ஓடினோம் என்பதை ஆயுள் முழுவதும் மறப்பதில்லை. ஆனால் ஐபிபிடி மதிப்பெண் அட்டவணையே வயதுப் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருக்கிறது. இளைஞர் ஓடும் அதே நேரத்தில் ஓடி முடிக்கும் மூத்தவருக்கு அதிகப் புள்ளிகள் கிடைக்கும். ராணுவமே கேட்காததை நீங்கள் உங்களிடம் கேட்பானேன்? கைக்கடிகாரச் செயலியில் உள்ள பழைய பதிவுகளைச் சில மாதங்களுக்குப் பார்க்காதீர்கள். தேக்கா சந்தையில் எதிர்ப்படும் தெரிந்தவர் "என்ன, சதை போட்டுட்டீங்களே" என்று விசாரிப்பதை நம்மால் தடுக்க முடியாது, சிரித்துக்கொண்டே மீன் வாங்கப் போய்விடலாம்.

கனிவு காட்டினால் முயற்சி தளர்ந்துவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு ஓர் ஆய்வைச் சுட்டலாம். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான தேர்வொன்றில் சறுக்கிய பிறகு தம்மீது கனிவு காட்டும்படி வழிநடத்தப்பட்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குப் படிப்பதில் மற்றவர்களைவிட அதிக நேரம் செலவிட்டார்கள். சோதிக்கப்பட்டது படிப்புதான், ஓட்டம் அல்ல. இருந்தாலும் திட்டினால்தான் உழைப்போம் என்ற நம்பிக்கையை அது அசைக்கிறது.

நடைமுறையில், முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் சிறிது ஓட்டம், சிறிது நடை என மாற்றி மாற்றிச் செல்லுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக ஓடி ஈடுசெய்யாதீர்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கம் என்பது பரிந்துரை. ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடங்களாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டியில் இல்லை. ஆகவே, எம்ஆர்டி நிலையத்திலிருந்து வீவக அடுக்குமாடி வீடு வரை விரைந்து நடப்பதும் கணக்கில் சேரும். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தாலும், இரத்த அழுத்தமோ நீரிழிவோ இருந்தாலும், முதலில் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

ஐபிபிடியைப் பொறுத்தவரை, தேர்வில் தேறுவது மட்டுமே வழி என்பதில்லை. ஒரு பிறந்தநாளிலிருந்து அடுத்த பிறந்தநாளுக்குள் தேசிய சேவையாளர்களுக்கான என்எஸ் ஃபிட் உடற்பயிற்சி அமர்வுகள் பத்தை முடித்தாலும் அவ்வாண்டுக் கடமை நிறைவேறிவிடும். உங்கள் நிலையில் நான் இருந்தால், இந்த ஆண்டு அந்த அமர்வுகளுக்கே பதிவுசெய்வேன்.