பீடத்தில் எதைப் பேசலாம், யாருக்கு மைக் கொடுக்கலாம்?

கேள்வி: கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு சபையில் மாதம் ஒருமுறை பிரசங்கம் செய்கிறேன். வேதாகமத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புஸ்தகம் 5-ஆம் அதிகாரத்தைப் பேசும்போது, எங்கள் கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்த்து இடம் பிரித்திருப்பதைச் சொன்னேன். கல்லோடு கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறியது நம் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம்தான் என்றும் ஒரு வரி சொன்னேன். ஆராதனை முடிந்ததும் மூப்பர் இருவர் வந்து, “பீடத்தில் அரசியலும் வேண்டாம், சைவமும் வேண்டாம்” என்றார்கள். அடுத்த ஞாயிறு ஒரு வேட்பாளர் வந்தபோது அதே பீடத்தருகே சால்வை போட்டு மைக்கும் கொடுத்தார்கள். ஐயா, இனி நான் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்: தம்பி, மூட வேண்டாம். உங்கள் மூப்பர்கள் சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். பீடத்தில் கட்சி கூடாது. அந்தப் பாதியைத்தான் அவர்களே அடுத்த வாரம் மீறியிருக்கிறார்கள்.

வேட்பாளர் ஆராதனைக்கு வந்தால் வரட்டும். எல்லாரோடும் பெஞ்சில் உட்காரட்டும், அவருக்காகவும் ஜெபிப்போம். வழிபாட்டுத் தலத்தைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தேர்தல் நடத்தை விதியே சொல்கிறது. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பதை 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் முறைகேடு என்கிறது. சட்டத்தை விடுங்கள், யாக்கோபு நிருபம் 2-ஆம் அதிகாரம் போதாதா? பொன்மோதிரம் போட்டு வந்தவனுக்கு நல்ல இடம், கந்தை கட்டி வந்தவனுக்குக் காலடி என்று நடக்கிற சபையை அது எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது!

நீங்கள் பேசியது வேறு வகை. “நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது” என்ற வசனத்தை வாசித்துவிட்டு, சாதி பிரித்த கல்லறையைச் சொல்லாமல் இறங்கியிருந்தால்தான் அது குறைப் பிரசங்கம். அந்தப் புஸ்தகத்தின் 7-ஆம் அதிகாரத்தையும் மூப்பர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். பெத்தேலின் ஆசாரியனான அமத்சியா ஆமோஸிடம், இது ராஜாவின் பரிசுத்த ஸ்தலம், இங்கே தீர்க்கதரிசனம் சொல்லாதே என்கிறான். அரசனுக்கு அங்கே இடமுண்டு, தீர்க்கதரிசிக்கு இல்லை. உங்கள் சபையில் அந்த இரண்டு ஞாயிறுகளில் நடந்ததும் இதுதானே?

நான் இருக்கும் புதுச்சேரியிலிருந்து ஒன்று சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கே துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இரண்டு செய்திகள் உண்டு. 1745-ல் இங்கே கிறிஸ்தவக் கோயிலுக்குள்ளேயே தாழ்த்தப்பட்டவர்களைத் தள்ளி உட்கார வைக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் திரண்டு போய்ப் பெரிய குருவானவரிடம், எங்களை உம்முடைய சீஷர்கள் என்றால் எல்லாரையும் ஒன்றுபோல நடத்த வேண்டாமா என்று கேட்டார்கள். கேட்டது நியாயம் என்று அவர் சுவரை இடிக்கச் செய்தார். மூன்றே வருஷம் கழித்து, 1748-ல், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, பாதிரிமார் வெகுகாலம் வற்புறுத்தி வந்தபடி, பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் அரசு வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தது. முதல் இடிப்பில் சபை தன் பாவத்தைத் தானே இடித்தது. இரண்டாவதில் அதிகாரத்தின் தோளில் ஏறி அடுத்தவர் தெய்வத்தின் வீட்டில் கை வைத்தது. அரசியலைப் பற்றி எந்தப் போதகர் என்னிடம் கேட்டாலும் இந்த இரண்டையும்தான் எடுத்துச் சொல்கிறேன். அதிகாரத்தோடு ஒட்டிக்கொண்டால் நாம் என்ன ஆவோம் என்பதற்கு ரோமாபுரி வரை போக வேண்டியதில்லை.

இன்னொன்றும் மூப்பர்கள் கவனத்துக்கு. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் அந்தக் கதவு திறந்தது. அதற்காக ஒவ்வோர் ஆகஸ்ட் 10-ஆம் தேதியும் சபைகள் கறுப்பு நாள் அனுசரிக்கின்றன. மதம் மாறினாலும் சாதிக் கொடுமை மாறவில்லை என்று டெல்லியிடம் வாதாடுகிறோம். அந்த வாதம் உண்மை என்பதற்கு உங்கள் கல்லறைத் தோட்டமே சாட்சி. கொடுமையைச் செய்கிறவர்களாகவும் நாமே அங்கே நிற்கிறோம் என்பது என் நெஞ்சை அறுக்கிறது.

அப்பர் விஷயத்துக்கு வருகிறேன். அத்தேனே பட்டணத்தில் பவுல் “உங்கள் புலவர்களிலும் சிலர்” என்று அந்த ஊர்க் கவிகளைச் சொன்னார் (அப்போஸ்தலர் 17). அரசன் தண்டித்தும் தன் இறைவனை விடாத ஒருவரை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நினைவூட்டுவதில் எந்தத் தவறும் இல்லை. இரண்டு எச்சரிக்கை மட்டும் சொல்வேன். அவர் நம்பியது சிவபெருமானை என்பதை மறைத்து, அவரை நம் ஆள் போல ஆக்கிவிடாதீர்கள். அந்தக் கதையில் சமணர்கள் கொடியவர்களாக வருகிறார்கள். இன்று ஒரு சமணர் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டாலும் நோகாதபடி சொல்லுங்கள்.

இனி எப்படிப் பேசுவது? வசனத்தை உங்கள் கோபத்துக்காகத் தேடாதீர்கள். அந்த ஞாயிறுக்குத் திருச்சபை குறித்த பாடத்தையே எடுங்கள். அப்போது “இவன் எங்களைக் குறிவைத்தான்” என்ற பேச்சு எடுபடாது. கட்சிப் பெயர் வேண்டாம், தலைவர் பெயரும் வேண்டாம். உங்களுக்குப் பிடித்த கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதையே சொல்வேனா என்று முந்தின இரவு கேட்டுப் பாருங்கள். பாவம் செய்த தாவீது ராஜாவின் முன் நாத்தான் தீர்க்கதரிசி நேரே போய் நின்றான், கதை சொன்னான், பிறகுதான் “நீயே அந்த மனுஷன்” என்றான். நீங்களும் அந்த மூப்பர்கள் வீட்டுக்கே போங்கள். பீடத்திலிருந்து அவர்களுக்குப் பதில் சொல்லாதீர்கள். அங்கே எழுந்து மறுமொழி சொல்ல அவர்களுக்கு வழியில்லை.

கல்லறை விஷயத்தை உங்கள் ஆயரிடம் சொல்லி, சபை நிர்வாகக் குழுவான பாஸ்டரேட் கமிட்டியில் எழுத்தில் வையுங்கள். தள்ளி அடக்கப்பட்ட குடும்பத்தாரைக் கேட்காமல் எழுத வேண்டாம். அவர்களில் ஒருவராவது உங்களோடு கையெழுத்துப் போட வேண்டும். பழைய கல்லறை எதையும் தொடத் தேவையில்லை. இனி இறப்பவர்களை, எந்தத் தெருக்காரராக இருந்தாலும், இறந்த வரிசையில் அடுத்தடுத்து அடக்குவது என்ற ஒரே தீர்மானத்தைக் கேளுங்கள். அதற்காகப் பிரசங்க அட்டவணையிலிருந்து உங்கள் பெயரை எடுத்தால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.