லோடு செல் மாற்றிய தராசுக்கு மறுமுத்திரை தேவையா?

தராசில் லோடு செல்லை (எடையை உணரும் பாகத்தை) மாற்றிய பிறகு மூலைக்கு மூலை எடை மாறுகிறது, மறுபடி அரசு முத்திரை போட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். தேவை. காங்கேயத்துக் கொப்பரைக் களத்தில் இருக்கும் உங்கள் தராசின் முத்திரைச் சான்றிதழில் இன்னும் ஏழு மாதம் மிச்சம் இருந்தாலும் அது இப்போது உதவாது. எலெக்ட்ரானிக் தராசுக்கான 12 மாதக் கெடு, யாரும் கை வைக்காதவரைதான். பழுது பார்த்தால் மறுபடி முத்திரையிட்ட பிறகே வியாபாரத்துக்குப் பயன்படுத்தலாம்.

லோடு செல் மாற்றியவர் அளவைத் திருத்த ஈய முத்திரைக் கம்பியை அறுத்திருப்பார். தராசின் அடியில் பாருங்கள். கம்பி அறுந்திருந்தால், பழைய முத்திரை செல்லாது என்பதற்கு ஆய்வாளருக்கு அதுவே போதும்.

மூலைக்கு மூலை எடை மாறுகிறது என்றீர்களே, அதற்கு முதலில் நான்கு கால்களையும் மட்டம் பாருங்கள். களத்துத் தரை சமமாக இருப்பது அபூர்வம். பிறகு முத்திரையுள்ள 20 கிலோ படிக்கல்லை ஒவ்வொரு மூலையிலும் வையுங்கள். அப்போதும் மாறினால் பழுது பார்த்தவரையே கூப்பிடுங்கள். அவருக்கு உரிமம் உண்டா என்றும் கேளுங்கள்; உரிமம் இல்லாதவர் தராசைப் பழுது பார்ப்பது சட்டத்துக்குப் புறம்பு. பழுதுபார்த்த ரசீதோடு தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் போங்கள்.

ஒன்று: படிக்கல் சரியாகக் காட்டுவது உங்கள் மன நிம்மதிக்கு மட்டும். முத்திரைக்கு அது ஈடாகாது.